எடைக்குப் போகும் ஏடுகள்

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் ஒருவர் இறந்தபின் வீட்டில் நடைபெறும் நிகழ்ச்சிகளுள் ஒன்று எந்தச் சடங்கு நூலிலும் எழுதப்பட்டதன்று. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, வெளியூர் உறவினர் பேருந்து ஏறுவதற்கு முன்பு, பழைய தாள் வாங்குபவர் அழைக்கப்படுகிறார். திண்ணையில் தராசு தொங்கவிடப்படுகிறது. இறந்தவர் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்த நூல்கள் கட்டுக் கட்டாக வெளியே வருகின்றன. அரை மணி நேரத்தில் அலமாரி காலியாகிறது. அதற்காக வருந்துபவர் எவருமில்லை. இடம் கிடைத்ததென்ற நிம்மதியே எஞ்சுகிறது.

இக்கட்டுரை அந்தத் தராசைக் குறித்தது. நூல்களைக் கழிக்கவே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. கழிக்கத்தான் வேண்டும். ஆனால், நம் இல்லங்களில் கழிக்கும் முறை தலைகீழாக இருக்கிறது. காக்கத்தக்கதை எறிந்துவிட்டு எறியத்தக்கதைக் காக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டை முதலில் என்மீதே சுமத்துகிறேன்.

என் பெரியப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஓய்வு நேரங்களில் உபதேசியார் பணியும் ஆற்றியவர். அவர் மறைந்தபோது வீட்டில் நான்கு அலமாரி நூல்கள் இருந்தன. "தம்பி, நீதானப்பா படிச்சவன். நீயே பார்த்து வேண்டியதை எடுத்துக்கோ, மத்ததைப் போட்டுரு" என்று பெரியம்மா என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். நானும் பார்த்து எடுத்தேன். தடித்த அட்டையிட்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியத் தொகுதிகளை எடுத்தேன். பொன்னெழுத்துப் பொறித்த முதுகுடைய நூல்களையெல்லாம் எடுத்தேன். பழுப்புத்தாள் அட்டையிட்ட பள்ளிக் குறிப்பேடுகள், ஊசி துருவேறிய திருவிழா மலர்கள், ஓரம் கிழிந்த செபப்புத்தகங்கள், குருப்பட்ட நினைவு அட்டைகள் ஆகியவற்றை எடைக்குப் போட்டேன். இரண்டு தேநீர் குடிக்கும் அளவுக்குப் பணம் கிடைத்தது.

ஈராண்டு கழித்து, நம் பகுதியில் தவக்காலத்தில் நடிக்கப்பெற்ற பாஸ்கா நாடகங்களைப் பற்றி ஆய்வு செய்த மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தார். "பாட்டும் வசனமும் முழுவதும் உங்கள் பெரியப்பாதான் எழுதி வைத்திருந்தார். பழைய வாத்தியாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த நோட்டு உங்களிடம்தானே இருக்கும்?" என்று ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் அனுப்பினார்கள். நான் என்ன விடை கூறுவேன்? அந்தக் கலைக்களஞ்சியம் இன்றும் என் வீட்டில் நிற்கிறது. அதில் உள்ள எதையும் எந்த நூலகத்திலும் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். அந்த நோட்டை இனி உலகில் எங்கும் பார்க்க முடியாது. நான் படித்தவன் என்பதனாலேயே எனக்கு அப்பொறுப்பு தரப்பட்டது. படித்தவன் செய்த பிழை அது.

இப்பிழை என் ஒருவனுடையது அன்று. நூல்களைக் கழிப்பதற்கு இன்று நமக்குச் சொல்லப்படும் அறிவுரை ஒன்றே: ஓராண்டாகத் தொடாத பொருள் உனக்குத் தேவையற்ற பொருள். சேலைக்கும் சட்டைக்கும் சமையற்பாத்திரத்திற்கும் இது பொருந்தலாம். அவை இன்று போனால் நாளை கடையில் கிடைக்கும். ஆனால், ஒரு நூலின் தேவை அதை வைத்திருப்பவரின் தேவை மட்டும்தானா? பெரியப்பாவின் நோட்டு எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டிராது. அது தேவைப்பட்டவர் அன்று என் வீட்டு வாசலுக்கு இன்னும் வந்திருக்கவில்லை, அவ்வளவே.

ஒரு சான்று காட்டுகிறேன். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில், சேசு சபைக் குரு அன்றிக் அடிகளாரின் முயற்சியால் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இம்மண்ணில் அச்சான முதல் நூல் என்று அதைப் போற்றுகிறோம். மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்நூலின் அளவு என்ன? பதினாறே பக்கங்கள். நம் வீட்டு அலமாரியில் அது இருந்திருந்தால், கழிக்கும் நாளில் முதலில் கீழே விழுவது அதுவாகவே இருந்திருக்கும். மெல்லியது, பழையது, அட்டையற்றது, எவரும் தொடாதது. அதைக் காண விரும்புபவர் இன்று அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக்கழக நூலகத்திற்குச் செல்ல வேண்டும். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா அடிகளாரின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியின் கதையும் அதுவே. வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைத் தனிநாயகம் அடிகளார் கண்டறிந்து 1966இல் மீண்டும் அச்சுக்குக் கொண்டுவந்ததால்தான் அது நம் கைக்கு வந்தது. நம் நூல்களை நாம் காக்கவில்லை, பிறர் காத்தனர். இது பெருமைக்குரிய செய்தியா என்பதை வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, மறுபுறம் நிற்போரையும் விட்டுவிடுவதற்கில்லை. எந்த நூலையும் கழிக்கக் கூடாது, அச்சிட்ட தாள் அனைத்தும் கலைமகளின் வடிவம் அல்லது இறைவனின் கொடை என்று கூறிக் குவித்து வைப்போர் சிலர் உளர். இவர்கள் நூலைக் காப்பதில்லை, கறையானை வளர்க்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய போட்டித் தேர்வு வழிகாட்டி, ஒரே விவிலியத்தின் ஐந்து பிரதிகள், பேருந்து நிலையத்தில் வாங்கிய துப்பறியும் கதைகள், பரிசாக வந்து உறை பிரிக்கப்படாத தன்முன்னேற்ற நூல்கள் ஆகியவற்றின் நடுவில் அந்த ஒரு நோட்டும் மறைந்து கிடக்கிறது. குவியலுக்குள் கிடப்பதும் தொலைந்ததற்குச் சமமே. குவித்தவர் கண்மூடியபின் வரும் வாரிசு குவியலைத்தான் காண்பாரே தவிர அதனுள் இருப்பதைக் காணமாட்டார். ஆகவே, ஒன்றையும் கழிக்காதவரே கடைசியில் அனைத்தையும் தராசிற்கு அனுப்பிவைக்கிறார்.

நம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களைப் பாருங்கள். இங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்கொடியை 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். கவாத்து செய்யாத கொடி இலையாகப் படர்ந்து காய்ப்பின்றி நிற்கும் என்பதை நம் ஊர்ச் சிறுவனும் அறிவான். ஆனால், கவாத்துக் கத்தியைப் பிடிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை. கிளையைப் பிடித்து, மொட்டுகளை எண்ணி, எந்த மொட்டில் குலை இறங்கும் என்று அறிந்து வெட்டுகிறார். கிளை தடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றை விட்டு, மெலிந்திருக்கிறது என்பதற்காக மற்றொன்றை வெட்டினால் தோட்டக்காரர் அவரை மறுநாள் வேலைக்கு அழைப்பாரா? கொடிக்குக் காட்டும் இந்த அறிவை நாம் நூலுக்குக் காட்டுவதில்லை.

நம்மவரிடையே மேலும் ஒரு வழக்கம் உண்டு. மந்திரிக்கப்பட்ட பொருள் காலில் மிதிபடக் கூடாது என்பதற்காகப் பழைய செபப்புத்தகங்களையும் பாட்டு நோட்டுகளையும் பக்தியோடு எரித்துவிடுகிறோம், அல்லது மண்ணில் புதைக்கிறோம். நோக்கம் தூயது, விளைவு அழிவு. உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் கண்டதைக் கூறியிருக்கிறார். வரகுணராம பாண்டியன் சேர்த்த சுவடிகளைத் தேடிச் சென்ற அவருக்கு, அவை சிதைந்துபோனதால் நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டதாக விடை கிடைத்தது. அதுதான் சாத்திரம் என்றும் சொன்னார்கள். அங்கே ஏட்டை எரித்தவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தர்கள். அவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டா?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவரான கத்தோலிக்கக் குரு தாவீது அடிகளார் உயிர்நீத்தார் என்பது ஈழத்தமிழர் மறவாத செய்தி. அது பகைவர் இட்ட தீ. அதையும் நம் வீட்டுத் தராசையும் ஒன்றென்று கூறுவது அநீதி. ஆயினும் ஒன்றைக் கேட்கலாம். அந்நூலகத்திற்காகக் கண்ணீர் விடும் நாம், அங்கே எரிந்தவற்றைப் போலவே வேறெங்கும் இல்லாத தாள்களை, எவரும் வற்புறுத்தாமல், நம் கையாலேயே கட்டிக் கொடுக்கிறோமே, அது எப்படி?

திருச்சபையின் வரலாறும் இதில் நமக்குப் பாடம். நம் மலைக்கு அப்பால், 1599இல் உதயம்பேரூரில் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கத்தில், தோமையார் கிறிஸ்தவர்களின் சிரிய மொழி நூல்கள் பிழையுடையவை என்று தீர்ப்பிடப்பட்டன. அவற்றைத் திருத்தவோ எரிக்கவோ ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. அன்று கழித்தவர்கள் தங்கள் அறிவில் ஐயம் கொள்ளவில்லை. பின்னாளில் அச்சமூகத்தின் பழைய வழிபாட்டை அறிய முயன்ற அறிஞர்கள், கத்தோலிக்க அறிஞர்கள் உட்பட, அந்த இழப்பின் முன்தான் நிற்க வேண்டியதாயிற்று. விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலையும் திருச்சபை 1966இல் கைவிட்டது. ஒரு காலம் வேண்டாததென்று கருதியதை மற்றொரு காலம் தேடுகிறது. கழிப்பவர் தம் காலத்தின் கண்ணோடு மட்டும் பார்க்கிறார் என்பதை நினைவிற்கொண்டால் கை சற்றுத் தயங்கும்.

இந்தத் தயக்கம் நமக்கு இன்று மிகத் தேவை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்பு நம் வழிபாட்டுத் தமிழ் மாறியது. சர்வேசுரன் கடவுளானார், இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார், அர்ச்சிஷ்டவர்கள் புனிதர்கள் ஆயினர், மேற்றிராணியார் ஆயரானார், பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. 1995இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபின் பழைய பதிப்புகள் பல இல்லங்களில் பரணுக்கு ஏறின. இம்மாற்றத்தை நான் முழுமனத்தோடு வரவேற்பவன். நல்ல தமிழில் வேண்டுவது நம் உரிமை. ஆனால், புதிய சொல் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய சொல் அச்சான நூலை எறிவது எதற்கு? நம் பாட்டிமார் ஏலத்தோட்டத்திற்கு மலையேறும்போது முணுமுணுத்த செபம் அந்தச் சொற்களில்தான் இருந்தது. காலரா நாள்களிலும் பஞ்ச நாள்களிலும் அவர்கள் அழுத அழுகை அந்த மொழியில்தான் எழுந்தது. அந்நூலை எறிந்துவிட்டால், அவர்கள் எப்படி நம்பினார்கள் என்பதற்கு நம்மிடம் வேறு சான்று ஏது? அவர்கள் வரலாற்றில் பெயர் பெறாதவர்கள். அவர்களுக்கு எஞ்சியிருப்பது அந்தக் கிழிந்த செபப்புத்தகமும், அதன் வெற்றுத்தாளில் நடுங்கும் கையெழுத்தில் குறித்த பிறப்பு, இறப்பு நாள்களுமே.

எனில், எதை அளவுகோலாகக் கொள்வது? நான் கண்ட வழியைக் கூறுகிறேன்.

ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து முதலில் கேட்க வேண்டியது, 'இதை நான் படிப்பேனா?' என்பதன்று, 'இது வேறெங்கேனும் இருக்கிறதா?' என்பதே. பெரும் பதிப்பகங்கள் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட நூல் நம் வீட்டிலிருந்து போனால் உலகம் எதையும் இழக்காது. அதைத் தயங்காமல் கொடுத்துவிடலாம். எங்கோ ஒரு சிற்றூர் அச்சகத்தில் இருநூறு பிரதி அச்சான பங்கின் பொன்விழா மலர் போனால், அது ஒருவேளை கடைசிப் பிரதியாக இருக்கலாம். இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் சிந்தலைச்சேரியிலும் இருக்கும் நம் மக்களின் கதையை எந்தக் கலைக்களஞ்சியமும் எழுதப்போவதில்லை. அது அத்தகைய மலர்களில்தான் கிடக்கிறது.

இரண்டாவது கேள்வி, 'இதில் கையெழுத்து இருக்கிறதா?' என்பது. கையால் எழுதப்பட்ட எதையும் ஒருமுறை முழுதும் புரட்டாமல் கழிக்கக் கூடாது. பாட்டு நோட்டு, மருத்துவக் குறிப்பு, வரவு செலவு, கடிதம், ஓரக்குறிப்பு ஆகிய எதுவும் இதற்கு விலக்கன்று.

மூன்றாவது, 'இது நம் ஊரைப் பற்றியதா?' என்பது. பேரியாற்று நீர் 1895இல் இப்பள்ளத்தாக்கிற்குத் திரும்பியபின் எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள், மலைத்தோட்டங்களுக்குப் போனவர்கள், பள்ளி கட்டியவர்கள் ஆகியோரைப் பற்றிய ஒரு துண்டறிக்கையும் வீணானதன்று.

இம்மூன்றுக்கும் 'இல்லை' என்று விடை வந்தபின்னரே, 'நான் இதை மீண்டும் படிப்பேனா? என் பிள்ளை படிப்பாளா?' என்ற கேள்விக்கு இடம். அதற்கும் 'இல்லை' என்றால் நூல் போகட்டும். பொன்னெழுத்து முதுகைக் கண்டு மயங்க வேண்டாம்.

அது எங்கே போகட்டும் என்பதிலும் நேர்மை வேண்டும். வேண்டாததையெல்லாம் மூட்டை கட்டிப் பங்கு நூலகத்தின் வாசலில் இறக்கிவிட்டு, கொடையாளர் பட்டியலில் பெயரை எதிர்பார்ப்பவர்களை நான் அறிவேன். காலாவதியான சட்ட நூலும், தவறென்று நிறுவப்பட்ட மருத்துவ நூலும் ஏழைச் சிறுவனுக்குத் தானமாகா. நம் மேசையில் வைக்க வெட்கப்படும் உணவை ஏழையின் தட்டில் இடுவோமா? அத்தகையவை எடைக்கே போகட்டும். அவற்றுக்குத் தராசு தகும்.

காக்க வேண்டியதை நம் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். அவர் நூல்களை மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீசையும் திருமண அழைப்பிதழையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் ஆவணங்கள் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் ஆசிரியர் சம்பளத்தில் ஞானாலயாவை உருவாக்கினர். ஈழத்தமிழர் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் சிற்றேடுகளையும் மலர்களையும் இணையத்தில் ஏற்றி எல்லார்க்கும் திறந்து வைத்திருக்கிறது. கொடைக்கானல் மலையின் செண்பகனூரில் மதுரை மறைத்தளத்தின் ஆவணங்களைச் சேசு சபையார் நெடுங்காலம் பேணினர். நம்மிடம் இல்லாதது வழியன்று, எண்ணமே.

எதிர்வாதம் ஒன்று எனக்குத் தெரியும். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. "ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் பழைய தாளுக்கு இடம் எங்கே? பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். கிழவி ஒருத்தி கறையானோடு போராடுவாளா?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. எந்தத் தாளும் மனிதரைவிட மேலானதன்று. ஆனால், மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். நான்கு அலமாரியில் காக்க வேண்டியவையாக எஞ்சுவது எவ்வளவு? என் பெரியப்பாவின் தொகுப்பில் அது ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். அந்த டிரங்குப் பெட்டிக்கு என் வீட்டில் இடம் இருந்தது. கலைக்களஞ்சியம்தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டால் போதாதா?" என்பது மற்றொரு கேள்வி. படம் பிடியுங்கள், நன்று. பெட்டிக்கும் வழியில்லாதவருக்கு அதுவே கடமை. தலைப்புப் பக்கத்தையும், அச்சகத்தின் பெயர் உள்ள பக்கத்தையும், வெற்றுத்தாளில் உள்ள குறிப்பையும் விடாமல் எடுங்கள். ஆனால், கைப்பேசியும் மனிதரைப்போல் ஒருநாள் நின்றுவிடும். படத்தை ஒரு நிறுவனத்திடமோ, குறைந்தது மூன்று உறவினரிடமோ சேர்க்கும்வரை அந்தப் பணி முடிந்ததாகாது.

இறுதியாகப் பொதுநிலையினராகிய நம்மிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பொறுப்பை ஆயர் இல்லத்தின்மீதோ பங்குத்தந்தையின்மீதோ சுமத்தாதீர்கள். பங்குத்தந்தையர் சில ஆண்டுகளில் மாறிச் செல்வர். நம் வீட்டுப் பரணில் கிடப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டில் வயது முதிர்ந்தவர் இருந்தால், அவர் உயிரோடிருக்கும்போதே ஒரு மாலைப்பொழுதில் அவரருகில் அமருங்கள். ஒவ்வொரு நூலாக எடுத்துக் காட்டி, 'இது எங்கிருந்து வந்தது, யாருடையது, வைக்கலாமா?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி அந்நூலினுள் வையுங்கள். பழைய தாள் வாங்குபவரைக் குறை கூறாதீர்கள். நாம் கொடுப்பதைத்தான் அவர் எடுத்துச் செல்கிறார்.

என் பெரியப்பா மறைவதற்கு முந்திய தவக்காலத்தில் நான் அவரோடு மூன்று நாள் தங்கியிருந்தேன். அந்தக் கேள்வியை நான் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். அவர் எழுந்துசென்று அந்த நோட்டைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்திருப்பார்.